காரணம் எழுதும் கட்டம்

இதில் ஒரு வரிகூட நான் ஜோடித்தது கிடையாது. சந்தேகம் இருக்கிறவர்கள் திண்டுக்கல் நாகல் நகருக்குப் போய் பீர் முகமது கடை எது என்று கேட்டுப் பாருங்கள். அப்போது எஸ்.டி.டி. பூத்தும் ஃபேக்ஸும். இப்போது ஜெராக்ஸும் ரீசார்ஜும். இந்தப் பேச்சை எடுத்தால் மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதுவே உங்களுக்குச் சாட்சி.

பேய் என்றால் நடுச்சாமம், புளியமரம், கொலுசுச் சத்தம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் ஏமாறத்தான் வேண்டும். இது நடந்தது பட்டப்பகலில். 1999 ஜூலை 31, சனிக்கிழமை. கடைத்தெருவில் தோளோடு தோள் இடிக்கிற நேரம்.

நடந்தது ஆனந்த்ராஜ் என்கிற இஞ்சினியருக்கு. கூட்டிப் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் நம்புகிற ஆள். மூன்று வெவ்வேறு வருஷங்களில், மூன்று தடவை அவரிடம் இதைக் கேட்டேன். மூன்று தடவையும் சொன்ன நேரம் ஒரு நிமிஷம் மாறவில்லை. மூன்று தடவையும் ஒரே இடத்தில் அழுதார்.

ஆனந்த்ராஜுக்கு மும்பையில் வேலை. கடலுக்கு நடுவே இரும்புக் கால் ஊன்றி நிற்கிற எண்ணெய் மேடை ஒன்றின் இயந்திரங்களுக்கு ஜாதகம் கணிக்கிற கம்பெனி அது. மேடையில் நாற்பத்தொரு இயந்திரங்கள். அந்த மழைக்காலத்தில் நாலே நாலைத்தான் பிரித்துப் பழுது பார்க்க முடியும். ஆள் அவ்வளவுதான், இடமும் அவ்வளவுதான். மீதி முப்பத்தேழும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். அந்த நாலு எது எது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற பொறுப்பு ஆனந்த்ராஜுடையது.

அம்மா செபாஸ்தியம்மாளுக்குக் கண் ஆபரேஷன். அதற்காக லீவு போட்டு நாகல் நகர் வீட்டுக்கு வந்தவர், இந்த வேலையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை மாலை ஐந்துக்குள் பட்டியல் ஃபேக்ஸில் போய்ச் சேர வேண்டும். ஐந்தரைக்கு அதிகாரி கையெழுத்துப் போட்டு, உதிரி பாகங்களைக் கப்பலில் ஏற்றச் சொல்லிவிடுவார். அப்புறம் சாமியே வந்தாலும் மாற்ற முடியாது.

பட்டியல் போடுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடந்தது புரியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூன்று மார்க். கெட்டுப்போனால் எவ்வளவு நாசம்? பத்துக்கு ஒரு மார்க். எவ்வளவு அடிக்கடி கெடும்? அதற்கு ஒரு மார்க். கெடப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடுமா? சுலபமாகத் தெரியும் என்றால் ஒன்று, இரண்டு. தெரியவே தெரியாது என்றால் ஒன்பது, பத்து. மூன்றையும் பெருக்கினால் வருகிற எண் எதற்குப் பெரிதோ அது முதலில். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்த மார்க் போட்டாலும் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத மார்க் செல்லாது.

மேடையில் ஒரு கிரேன் இருந்தது. படகில் வருகிற ஆட்களைக் கயிற்றுக் கூடையின் வெளி விளிம்பில் நிற்கவைத்து மேலே தூக்குகிற கிரேன். அதன் பிரேக் விட்டுப்போனால் கூடை நேரே கடலுக்குள். நாசத்துக்குப் பத்து. அடிக்கடி கெடுவதற்கு நாலு. ஆனால் மூன்றாவது மார்க் வெறும் இரண்டுதான். காரணம், பெருமாள்சாமி.

பெருமாள்சாமி திண்டுக்கல் பக்கம் சித்தையன்கோட்டைக்காரர். அந்தக் கிரேனுக்கு மெக்கானிக். மார்ச் மாதம் மேடைக்குப் போனபோது ஆனந்த்ராஜே நேரில் பார்த்திருக்கிறார். காலையில் 6.10-க்கு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பிரேக் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. பிறகு அன்றைய சோதனைத் தாளில் தமிழில் எழுதுவார்: "சத்தம் சரி." அந்த மேடையில் தமிழில் எழுதுகிற ஒரே ஆள். மேலதிகாரிகள் ஹிந்திக்காரர்கள். சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

அதனால் கிரேனுக்குப் பத்து, நாலு, இரண்டு. எண்பது. பத்தொன்பதாவது இடம். வாயுவை அழுத்துகிற கம்ப்ரஸர் ஒன்று நூற்றெண்பது வாங்கி நாலாவது இடத்தில் உட்கார்ந்தது. கடைசி ஆளாக உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள்.

பகல் 12.15. பீர் முகமது கடைக்குப் போன் வந்தது. ஆனந்த்ராஜின் தம்பி அமல்ராஜ், மும்பையிலிருந்து. இருபத்து நாலு வயது. அதே மேடையில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே ஆனந்த்ராஜ்தான். ரெண்டு பிள்ளையும் கடலுக்கா என்று அம்மா முரண்டு பிடித்தபோது, நான் பாத்துக்கிறேன்மா என்று சொன்னவரும் அவர்தான்.

"அண்ணே, நாளைக்கு ஏழு மணிக்கு மேல ஏத்துறாகளாம். இன்னிக்கி ராத்திரியே படகு."

"சரிடா. பத்திரம்."

"கூடைக்கு வெளியில நின்னுக்கிட்டு கயித்தப் பிடிச்சுக்கணுமாம்ல? கிரேன் நல்ல கிரேன்தானண்ணே?"

"நல்ல கிரேன்தான். நம்ம ஊரு ஆளு பெருமாள்சாமிதான் பாக்குறாரு. பயப்படாமப் போ."

"நீ சொன்னாச் சரி. அம்மாட்ட கூடை கீடைன்னு சொல்லிறாத."

வைத்துவிட்டான். இனி அவனைப் பிடிக்க முடியாது. தங்கியிருந்த இடத்தில் போன் கிடையாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. சொன்னது சொன்னோம், இன்னொரு தடவை பார்த்துவிடுவோமே என்று கிரேன் தாள்களை எடுத்தார். முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து ஃபேக்ஸில் வந்தவை. பீர் முகமது வெட்டி அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருந்தார். ஆனந்த்ராஜ் மேலும் கீழுமாக நாலு தாளை மட்டும் பார்த்துவிட்டுத்தான் இரண்டு மார்க் போட்டிருந்தார். இப்போது ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

1.05 மணி.

மே 26 முதல் ஜூன் 8 வரை, நாள் தவறாமல். பதினாலு தாள். சரி. மேடையில் பதினாலு நாள் வேலை, பதினாலு நாள் வீடு. அதுதான் முறை.

ஜூன் 9, 10, 11... தாள் இல்லை.

ஜூன் 12-ல் மறுபடி ஆரம்பம். 6.10. சத்தம் சரி. பெருமாள்சாமி.

13. 14. 15... ஜூலை முழுக்க. நேற்று ஜூலை 30 வரை. நாற்பத்தொன்பது தாள். ஒரு நாள் இடைவெளி இல்லை. எல்லாம் அவர் எழுத்து, அவர் கையெழுத்து.

நாற்பத்தொன்பது நாள் ஒரே ஆள் எப்படி மேடையில் இருப்பான்? ஒருவனும் விடமாட்டான். இந்தத் தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. இயந்திரத்தின் பக்கமே போகாமல், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பழைய தாளைப் பார்த்து எழுதித் தள்ளுவது. பெருமாள்சாமி ஊரில் இருந்து, வேறு எவனோ அவர் பெயரில் எழுதுகிறானென்றால்... அந்தப் பிரேக்கை இத்தனை நாளாக யாருமே கேட்கவில்லை.

நாளைக்கு ஏழு மணிக்குத் தம்பி அந்தக் கூடையில்.

"ஏப்பா, சோத்துல கை வச்சிட்டு எங்க எந்திரிக்கிற?" என்றார் அம்மா, கண்ணில் கட்டோடு.

"செத்த நேரத்துல வந்துர்றேம்மா."

1.40-க்கு பைக்கை எடுத்தார். செம்பட்டி ரோட்டில் எப்படி ஓட்டினார் என்று அவருக்கே ஞாபகமில்லை. 2.25-க்கு சித்தையன்கோட்டை. விசாரித்துக்கொண்டு போய் நின்ற வீட்டு வாசலில் ஒரு பெண் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.

"பெருமாள்சாமி அண்ணன் வீடு இதானே?"

"ஆமா தம்பி. நான் அவரு வீட்டுக்காரி, சிவனம்மா. நீங்க?"

"கம்பெனில இருந்து வாரேன்."

அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? ஏசெண்டுக்குத் தந்தி அடிச்சு எம்புட்டு நாளாச்சு. ஒருத்தர் எட்டிப் பாக்கல."

ஆனந்த்ராஜ் ஓர் அடி முன்னால் வந்தார். "எப்ப... எப்பக்கா?"

"சூன் பத்தாந்தேதி ரயில்ல வந்து எறங்குனாரு. காச்சலு. ரெண்டே நாளு. பன்னெண்டாந்தேதி விடியக்காலம் நாலு மணிக்குப் போயிட்டாரு."

ஜூன் 12. விடிகாலை நாலு.

தாள் மறுபடி ஆரம்பிப்பது ஜூன் 12. காலை 6.10.

பையிலிருந்து மேலாக இருந்த ஒரு தாளை உருவி நீட்டினார். "இது அவரு எழுத்தான்னு பாருங்கக்கா."

சிவனம்மாள் வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அவரு எழுத்தேதான். எனக்குத் தெரியாதா தம்பி? கோழி கிண்டுன மாதிரி." பிறகு தாளைத் தடவிப் பார்த்தார். "ஏன் தம்பி இம்புட்டு ஈரமா இருக்கு?"

ஆனந்த்ராஜ் வாங்கிப் பார்த்தார். ஈரம்தான். ஓரம் பிசுபிசுவென்று இருந்தது. அந்தத் தாளின் தேதி ஜூலை 30. நேற்று. அதை அந்த அம்மாளிடம் அவர் சொல்லவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தையும் சொல்லவில்லை. பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறார்.

வழி நெடுக மனசு ஒன்றையே சொன்னது. எவனோ செத்தவர் எழுத்தைப் பார்த்து எழுதுகிறான். படுபாவி. ஈரம் என்ன ஈரம், என் கை வேர்வை. மூன்று நாள் விட்டுப்போனது? ஆள் மாறி எழுத ஆரம்பிக்க மூன்று நாள் ஆகியிருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. காரணம் கண்டுபிடிப்பதுதானே அவர் பிழைப்பு.

3.40. பீர் முகமது கடை.

ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்தினார். கிரேன்: பத்து, நாலு... மூன்றாவது மார்க்கை அடித்துவிட்டு ஒன்பது. முந்நூற்று அறுபது. முதல் இடம். காரணக் கட்டத்தில் எழுதினார்: "மெக்கானிக் ஜூன் 12-ல் இறந்துவிட்டார். அதன் பிறகு வந்த தாள்கள் போலி. பிரித்துப் பார்க்கும் வரை ஆளை ஏற்றக் கூடாது." எல்லாம் ஒவ்வொரு படி இறங்கின. நாலாவதாக இருந்த கம்ப்ரஸர் ஐந்தாவது ஆனது. வெளியே போனது.

"பாய், உடனே அனுப்புங்க."

4.02. தாளை ஃபேக்ஸில் வைத்தார் பீர் முகமது.

டப்... கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. கடைத்தெரு முழுக்க "ஓ" என்று ஒரு சத்தம். ஃபேக்ஸ் மெஷினின் பச்சை விளக்கு அணைந்தது.

"எப்ப பாய் வரும்?"

"சனிக்கிழமை சார். சொல்ல முடியாது."

போனை எடுத்து மும்பை நம்பரைச் சுற்றினார். 4.06. டொய்ங்... டொய்ங்... டொய்ங்... என்கேஜ்டு. 4.10. என்கேஜ்டு. 4.13. இந்தத் தடத்தில் உள்ள எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன என்றது பதிவுக் குரல். 4.19. என்கேஜ்டு. 4.25. அதே.

மாதாவே, மாதாவே என்று வாய்விட்டே சொன்னார். வெட்கமே இல்லை. ஐந்து மணி. ஐந்து மணி தாண்டினால் அவன் கூடையில் ஏறிவிடுவான். நான் பாத்துக்கிறேன்மா என்று சொன்னேனே...

4.31.

கிர்ர்ர்ர்ர்...

ஃபேக்ஸ் மெஷினிலிருந்து காகிதம் வந்துகொண்டிருந்தது.

மணி அடிக்கவில்லை. ஃபேக்ஸ் வரும்போது கீச்சென்று கத்துமே, அதுவும் இல்லை. காகிதம் மட்டும்... மெதுவாக... நகர்ந்து வந்தது.

"கரண்ட் வந்துருச்சு பாய்," என்று எழுந்தார் ஆனந்த்ராஜ்.

பீர் முகமது எழவில்லை. "வரல்ல சார்."

மின்விசிறியைப் பார்த்தார். நிற்கிறது. பச்சை விளக்கைப் பார்த்தார். அணைந்திருக்கிறது.

"பேட்டரில ஓடுதோ?"

"இந்த மெஷினுக்குப் பேட்டரியே கிடையாது சார்."

கிர்ர்ர்... நின்றது. காகிதம் தானே அறுந்து தட்டில் விழுந்தது.

இருவரும் அதைத் தொடவில்லை. கடைசியில் ஆனந்த்ராஜ்தான் எடுத்தார்.

கிரேன் தாள். தேதி 31.7.99. இன்று. நேரம் 6.10.

சத்தம் சரி. பெருமாள்சாமி.

கட்டங்களுக்கு வெளியே, கீழே வெற்றிடத்தில், அதே கோழி கிண்டிய எழுத்தில் இன்னும் இரண்டு வரி. அந்த மனுஷன் கட்டத்தைத் தாண்டி ஒருநாளும் எழுதியவர் இல்லை.

"கிரேன் நல்லா இருக்கு சார். கம்ப்ரஸர் பக்கம் சத்தம் சரியில்ல. அதை முதல்ல தொறங்க."

தாள் ஈரமாக இருந்தது.

மோந்து பார்த்தார்.

கடல்.

இரண்டு வாரம் படகில் போய் வந்தவனுக்கு அந்த வாடை மறக்காது. உப்பும் டீசலும் கலந்த வாடை. திண்டுக்கல்லில், பூட்டுக் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே, அந்த வாடை.

"சார், என்ன சார் அது?" பீர் முகமதுவின் குரல் எங்கோ கேட்டது.

4.36. இன்னும் இருபத்து நாலு நிமிஷம். ஆனந்த்ராஜின் தலைக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

ஒருவன் சொன்னான்: போலித் தாள் எழுதுகிறவன்தான் இதையும் எழுதியிருக்கிறான். கிரேனைப் பிரித்தால் அவன் குட்டு உடையும். அதனால் கம்ப்ரஸரைக் காட்டித் திசை திருப்புகிறான்.

இன்னொருவன் சொன்னான்: நீ பட்டியல் திருத்தியது இந்த ஸ்டூலில், முக்கால் மணி நேரம் முன்னால். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

கம்ப்ரஸரையும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஒரு மார்க்கைக் கூட்டினால் போதும். வேறொன்று வெளியே போகும், போகட்டும். பேனாவை எடுத்தார். கம்ப்ரஸர். மூன்றாவது மார்க். நாலை அடித்துவிட்டு ஒன்பது போட்டார். நானூற்று ஐந்து.

பக்கத்துக் கட்டம். காரணம்.

பேனா நின்றது.

என்ன எழுதுவது? செத்துப் போனவர் ஃபேக்ஸ் அனுப்பினார் என்றா? இதே பட்டியலில் நாலு வரி மேலே, அவர் பெயரில் வந்த தாளெல்லாம் போலி என்று எழுதியாகிவிட்டது. அதே தாளைக் கம்ப்ரஸருக்குச் சாட்சியாகக் காட்டினால் பட்டியல் முழுவதையும் தூக்கிக் குப்பையில் போடுவார்கள். கிரேனும் போகும். நாளைக்குக் கூடை...

4.44. பளிச்சென்று விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது.

"சார், அனுப்பட்டா? கரண்ட் திரும்பப் போயிரும் சார்."

ஒன்பதை அடித்தார். மறுபடி நாலு என்று எழுதினார்.

"அனுப்புங்க பாய்."

இந்த இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் அழுதார்.

4.47-க்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை 8.30-க்கு பீர் முகமது கடையில் போன். "அண்ணே, ராத்திரி படகு போகல. கிரேன்ல ஆள ஏத்தக் கூடாதுன்னு உத்தரவாம்ல. அதிகாரிகளோட ஹெலிகாப்டர்ல கூட்டிட்டுப் போறாக. ஒம் புண்ணியம்." பின்னால் ஹெலிகாப்டர் விசிறி சுற்றுகிற இரைச்சல் கேட்டது. ஆனந்த்ராஜ் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

ஆகஸ்ட் 9-ல் கிரேன் பிரேக்கைப் பிரித்தார்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. உள்ளே தேய்மானம்கூட இல்லை, நேற்று மாட்டியது மாதிரி இருந்தது. பிரித்த ஆட்கள் ஒன்றை மட்டும் குறித்துவைத்தார்கள். பிரேக் மூடியில் ஒரு புள்ளி அளவுக்குப் பெயின்ட் போய், இரும்பு பளபளவென்று தெரிந்தது. ஏதோ முனை தினமும் ஊன்றிய தடம். மழைக்காலத்துக் கடல் காற்றில் வெறும் இரும்பு மூன்றாம் நாள் துருப்பிடிக்கும். அந்தப் புள்ளியில் துரு இல்லை.

கம்ப்ரஸரை யாரும் பிரிக்கவில்லை. அது ஐந்தாவது.

ஆகஸ்ட் 12, வியாழக்கிழமை, காலை 11.20. கம்ப்ரஸர் வெடித்தது. அப்போது அந்தப் பக்கம் நின்றது ஒரே ஒரு ஆள்.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் அமல்ராஜை அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் திறக்கவில்லை. அம்மாவின் கண் கட்டை அதற்கு முந்தின வாரம்தான் அவிழ்த்திருந்தார்கள். அவர் ஆனந்த்ராஜைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்கிறார் ஆனந்த்ராஜ்.

செப்டம்பரில் மும்பையில் விசாரணை. பட்டியலில் பிழை இல்லை, ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் இருக்கிறது, இவர் மேல் தவறே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பாராட்டக்கூடச் செய்தார்கள். ஆனந்த்ராஜ் பையிலிருந்த தாள்களை மேஜையில் கொட்டினார். இத்தனை நாள் போலியாக எழுதியது யார், அவனுக்குக் கம்ப்ரஸரைப் பற்றி எப்படித் தெரியும், அவனைப் பிடியுங்கள் என்று கத்தினார்.

ஆபீஸ்காரர் ஒருவர் ஃபேக்ஸ் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினார். ஜூலை 30, மாலை 6.20. திண்டுக்கல்லுக்கு அனுப்பிய பக்கங்கள்: பதினாலு. மே 26 முதல் ஜூன் 8 வரை. ஜூலை 31-ல் ஆபீஸிலிருந்து ஒன்றும் அனுப்பவில்லை.

மேடையிலிருந்து கிரேன் கோப்பையும் வரவழைத்திருந்தார்கள். ஜூன் 8-க்குப் பிறகு வெறும் அச்சடித்த தாள்கள். பெருமாள்சாமி போன பிறகு மாற்று ஆள் வரவில்லை. யாரும் எழுதவில்லை. போலியாகக்கூட எழுதவில்லை.

மேஜை மேல் கிடந்தவை அறுபத்து நாலு.

ஆனந்த்ராஜ் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். செப்டம்பர் 25, பகல் 11.50. பீர் முகமது கடையைப் பூட்டாமல், செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு ஓடி வந்தார். கையில் ஒரு தாள். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்திருந்தார். சொட்டுச் சொட்டாக நீர் வடிந்தது.

கிரேன் தாள். அன்றைய தேதி. 6.10. சத்தம் சரி.

கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பெருமாள்சாமி. அதற்குக் கீழே, பள்ளிக்கூட நோட்டில் போடுகிற மாதிரி முழுப் பெயரையும் எழுதி, அடியில் கோடு இழுத்து... அமல்ராஜ்.

ஆனந்த்ராஜ் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பீர் முகமதுவோடு கடைக்கு நடந்தார். ஒரு வெள்ளைத்தாள் வாங்கினார். ஸ்டூலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினார். தம்பி, எழுதக் காரணம் கிடைக்கலடா, மன்னிச்சுக்கோ.

மடிக்காமல் நீட்டினார். "இத அனுப்புங்க பாய்."

பீர் முகமது அதை வாங்கி மெஷினில் வைத்தார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த நம்பருக்கு சார்?"